மிளகோடு சேரும் சிவப்பு ஒயின்: குமுளியிலிருந்து ஒரு சுவைக் குறிப்பு

குமுளியில் மலஞ்சரக்கு, அதாவது மலை விளைபொருள், விற்கும் கடை நடத்துகிறவனுக்கு மூக்குத்தான் முதல் தராசு. மலையிலிருந்து வரும் மிளகு மூட்டையைப் பிரித்ததும் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கைச் சூட்டில் கசக்கி முகர்ந்து, இரண்டு மணிகளைப் பல்லிடையில் உடைத்துப் பார்த்த பிறகுதான் ஒரு லிட்டர் மிளகு எவ்வளவு எடை நிற்கிறது என்று பார்க்க அளவையை எடுப்போம். மிளகு வகைகளில் கரிமுண்டாவுக்கு ஒரு மணம் உண்டு, பன்னியூருக்கு வேறொரு மணம் உண்டு, சரியாகக் காயாத மிளகுக்குப் பூஞ்சை ஏறிய வாடை உண்டு. இந்த வேலையில் பழகிய மூக்கோடுதான் சென்ற டிசம்பரில் சுலா நிறுவனத்தின் ஷிராஸ் கேபர்நே என்ற சிவப்பு ஒயினைக் குவளையில் ஊற்றி முகர்ந்தேன். கறுத்த பழத்தின் மணத்துக்கு அடியில், மிக மெல்லியதாக, எங்கள் கடைக் கோணிகளின் மணம் இருந்தது. கடையிலிருந்து என் சட்டையோடு அது வந்திருக்குமோ என்ற ஐயத்தில் குளித்து உடை மாற்றிக்கொண்டு வந்து மறுபடியும் முகர்ந்தேன். அப்போதும் இருந்தது.

அந்த ஒரு மணத்தைப் பின்தொடர்ந்து எங்கள் வீட்டில் இரண்டு பாட்டில்களை ஐந்து மாலைகளில் பருகினோம். ஒவ்வொரு மாலையும் வேறு வேறு உணவை அதனுடன் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தோம். ஒயினைப் பற்றி எழுதப்படும் பெரும்பாலான குறிப்புகள் வறுத்த மாட்டுத் துண்டையும் முதிர்ந்த பாலாடைக்கட்டியையும் துணைக்கு வைத்தே பேசுகின்றன. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் மிளகு வறுவலும் பரோட்டாவும் சாப்பிடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு அவை அதிகம் உதவுவதில்லை. ஆகவே எங்கள் சாப்பாட்டை வைத்தே இந்த ஒயினை மதிப்பிட்டிருக்கிறேன்.

முதலில் பாட்டிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுலா நிறுவனம் மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் உள்ளது. ராஜீவ் சாமந்த் அதை 1999-இல் தொடங்கினார், அதன் முதல் ஒயின்கள் 2000-இல் வெளிவந்தன. மீசை வைத்த சூரியன்தான் அதன் சின்னம். ஷிராஸ், கேபர்நே சோவினியோன் ஆகிய இரண்டு திராட்சைகளைக் கலந்து செய்த ஒயின் இது. ஷிராஸ் என்பது ஈரானிய நகரம் ஒன்றின் பெயராக இருந்தாலும், அந்தத் திராட்சை பிறந்த இடம் பிரான்சின் ரோன் ஆற்றுப் பகுதிதான் என்பதை மரபணுச் சோதனை 1990-களின் இறுதியில் உறுதி செய்தது. திருகு மூடி என்பதால் தக்கை திறக்கும் கருவி தேவையில்லை. எங்கள் ஊர் வீடுகளில் அந்தக் கருவி இருப்பது அரிது என்பதால் இது சிறிய வசதி அன்று. மதுவின் வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால் விலையும் மாறுகிறது. எங்கள் வீட்டுக் கணக்கில் ஒரு பாட்டிலின் விலை ஒரு கிலோ ஆட்டுக்கறியின் விலையிலிருந்து மிகத் தொலைவில் இல்லை. 750 மில்லிலிட்டரில் ஐந்து குவளைகள் தாராளமாக வரும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மூன்று நான்கு பேர் கூடி உண்ணும் ஞாயிற்றுக்கிழமைக்கு இது தாங்கக்கூடிய செலவுதான்.

கேரளத்தில் மது வாங்க 23 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதையும், மாதத்தின் முதல் நாளில் மதுக்கடைகள் திறப்பதில்லை என்பதையும் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வருகிற உறவினர்கள் பலர் அறிவதில்லை. விருந்துக்கு நாள் குறிப்பவர்கள் இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. குமுளியிலிருந்து மலைப்பாதையில் இறங்கி லோயர் கேம்ப்பையும் கூடலூரையும் தாண்டினால் சாலையின் இருபுறமும் திராட்சைப் பந்தல்கள் தொடங்கிவிடுகின்றன. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி அந்த நிலத்தை நனைக்கிறது. அங்கே விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். நாசிக்கில் ஒயின் திராட்சையை ஆண்டுக்கு ஒரு முறை, ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் அறுக்கிறார்கள். கம்பத்திலோ இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடைகள் எடுக்கிறார்கள். என் மாமனார் சுருளிப்பட்டியில் நாற்பது ஆண்டுகளாகப் பந்தல் போட்டவர். குடிப்பழக்கம் இல்லாதவர்தான் என்றாலும், திராட்சை என்றதும் ஆவல் தாங்காமல் ஒரு வாய் வாங்கிக் கொப்பளிப்பது போல நாவில் உருட்டினார்.

“மாப்பிள்ள, இதுல பன்னீர் வாசத்தையே காணோமே. பிஞ்சுக் கொய்யாவக் கடிச்ச மாதிரி இழுத்துப் பிடிக்குது” என்றார்.

திராட்சையோடு வாழ்ந்தவரின் நாக்கு ஒரே வாயில் முக்கியமான இரண்டு செய்திகளைச் சொல்லிவிட்டது. பன்னீர்த் திராட்சையின் மணம் ரோசாப்பூவிலும் இருக்கிற லினலூல் போன்ற மணப்பொருள்களால் வருகிறது. அதனால்தான் நம் மக்கள் அதற்குப் பன்னீர் என்ற பெயரையே வைத்தார்கள். ஷிராஸிலோ கேபர்நேயிலோ அந்த மணம் சொல்லிக்கொள்ளும் அளவில் கிடையாது. அடுத்தது, சாப்பிடும் திராட்சை பெரியதாகவும் சாறு மிகுந்ததாகவும் இருக்கிறது. ஒயின் திராட்சையோ சிறியது, தோல் தடித்தது, விதை மிகுந்தது. சிவப்பு ஒயினைச் செய்யும்போது சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே புளிக்க வைக்கிறார்கள். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்குகின்றன, விதையும் தன் பங்குக்குத் துவர்ப்பைத் தருகிறது. மாமனாரை இழுத்துப் பிடித்தது அந்தத் துவர்ப்புத்தான்.

சிவப்பு ஒயினை முதன்முறை பருகும் தமிழர்கள் முகம் சுளிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கேரளத்துக் கிறித்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்குப் பரணி என்னும் சாடியில் ஊறவைக்கும் திராட்சை ஒயினைக் குடித்து வளர்ந்தவர்கள் ஒயின் என்றால் இனிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுச் சேச்சி கம்பத்துத் திராட்சையில் சர்க்கரையும் கோதுமையும் கிராம்பும் பட்டையும் சேர்த்துச் செய்யும் அந்த ஒயின் எனக்கும் பிடித்தமானது. பிளம் கேக்குக்கு அதைவிடப் பொருத்தமான துணை இல்லை. ஆனால் இந்த நாசிக் ஒயினில் திராட்சையின் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் சாராயமாக மாறிவிட்டிருக்கிறது. அதில் இனிப்பைத் தேடுகிறவர் ஏமாந்துபோவார், துவர்ப்பைத் தேடுகிறவருக்கு அது தன் கதவைத் திறக்கும். அறுசுவையில் துவர்ப்பைத் தனிச் சுவையாக எண்ணி வைத்திருக்கிற மொழி நம்முடையது. வாழைப்பூ, நெல்லிக்காய், அத்திக்காய், கொட்டைப்பாக்கு, நெடுநேரம் இலையோடு கிடந்த கட்டன் சாயா என்னும் பால் சேர்க்காத தேநீர் ஆகிய எல்லாவற்றிலும் நம் நாக்கு அதை அறிந்தே இருக்கிறது. உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு துவர்ப்புப் பொருள் ஒட்டிக்கொள்வதால் நாவின் வழுவழுப்புக் குறைகிறது. வாய் வறண்டு இறுகுவது போன்ற உணர்வு அதனால்தான் வருகிறது. கறியின் புரதமும் கொழுப்பும் வாயில் இருக்கும்போது துவர்ப்புப் பொருள் அவற்றோடும் ஒட்டிக்கொள்கிறது. அதனால் ஒயின் மென்மையாகிறது, கொழுப்பின் பிசுக்கும் நாவிலிருந்து கழுவப்படுகிறது. ஒயினையும் உணவையும் சேர்ப்பதில் பாதிக் கலை இந்த ஒரு கொடுக்கல் வாங்கலில் அடங்கியிருக்கிறது.

உணவு எதுவும் இல்லாமல் தனியாகப் பருகியபோது கண்டதை எழுதுகிறேன். நிறம் நாவல்பழச் சாற்றின் கருஞ்சிவப்பு. குவளையைச் சாய்த்து வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்தால் விளிம்பில் ஊதா இழை தெரிகிறது. அது ஒயின் இளமையாக இருப்பதன் அடையாளம். மணத்தில் நாவல்பழமும் நன்கு பழுத்த ஆல்பக்கோடாப் பழமும் முன்னே வருகின்றன. சற்று நேரம் கழித்துப் பச்சைக் குடமிளகாயை நறுக்கியது போன்ற ஒரு தழை மணம் எழுகிறது. அது கேபர்நேக்கு உரியது. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த மிளகு. வாயில் முதலில் பழமும் அடுத்து எலுமிச்சையை எட்டாத ஒரு மெல்லிய புளிப்பும் கடைசியில் துவர்ப்பும் வருகின்றன. துவர்ப்பு நடுத்தரமானது, கட்டன் சாயாவை விடக் குறைவு. விழுங்கிய பின் சுவை நெடுநேரம் நாவில் தங்குவதில்லை. பல ஆண்டுகள் வைத்திருந்து திறக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்ட ஒயின் இது அன்று. வாங்கிய அந்த வாரத்தில் சோற்றோடும் கறியோடும் பருகுவதற்குச் செய்யப்பட்டது, அந்தப் பணியை நேர்மையாகச் செய்கிறது.

வெப்பநிலை குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விலை குறைந்த சிவப்பு ஒயின் பலருக்குப் பிடிக்காமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம் என்று நம்புகிறேன். சிவப்பு ஒயினை அறையின் வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்ற சொல் குளிர்நாட்டு வீடுகளில் பிறந்தது. அந்த அறை 16 முதல் 18 பாகை செல்சியஸ் வரை இருக்கும் அறை. டிசம்பர் இரவில் குமுளியில் எங்கள் வீட்டுத் திண்ணை ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறது. அதே பாட்டிலை மலைக்குக் கீழே சுருளிப்பட்டியில் மாமனார் வீட்டு முற்றத்தில் மாலை ஐந்து மணிக்குத் திறந்தபோது பழ மணம் மறைந்து சாராய நெடி மூக்கில் ஏறியது. வாயில் துவர்ப்பும் பழமும் தனித்தனியே நின்றன. மீதியை அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து ஊற்றியபோது திண்ணையில் பருகிய அந்த ஒயின் மீண்டும் கிடைத்தது. சமவெளியில் வாழ்கிறவர்கள் பாட்டிலைச் சாப்பாட்டுக்கு அரைமணி முதல் முக்கால் மணி நேரம் முன்பே குளிர வைத்துவிட வேண்டும். அதேபோல, அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் துவர்ப்பு முரடாகத் தெரியும் என்பதால் இரவு முழுவதும் குளிரில் கிடந்த பாட்டிலைச் சற்று நேரம் வெளியே வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

வெப்பம் ஒயினை நிரந்தரமாகவே கெடுத்துவிடும் என்பதையும் ஒரு முறை அனுபவித்தேன். வேறொரு ஊரில், வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் பல மாதங்கள் நின்றிருந்த ஒரு சிவப்பு ஒயினை வாங்கி வந்து திறந்தபோது, பழத்தின் மணத்துக்குப் பதிலாக உலர்திராட்சையை வெல்லத்தோடு காய்ச்சியது போன்ற மணம் வந்தது. அதன் பிறகு கடையில் பாட்டில் எங்கே நின்றிருந்தது என்பதையும், ஒட்டுத்தாளில் அச்சிட்ட அறுவடை ஆண்டையும் பார்த்தே வாங்குகிறேன். இந்த விலையில் விற்கும் சிவப்பு ஒயினில் புதிய ஆண்டே நல்ல ஆண்டு. மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருந்தால் நான் எடுப்பதில்லை.

இனி உணவுக்கு வருகிறேன்.

முதல் மாலை ஆட்டுக்கறி மிளகு வறுவல். என் மனைவி சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் வதக்கி, எலும்போடு வேகவைத்த கறியைச் சேர்த்து, நீர் வற்றியதும் அப்போதே இடித்த மிளகைக் கடைசியில் தூவி இறக்குவாள். மிளகாய்த்தூளே போடுவதில்லை. கடையிலிருந்து புதிதாகக் காய்ந்த கரிமுண்டாவைக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். ஒரு வாய் கறி, ஒரு மிடறு ஒயின். தனியாகப் பருகியபோது அடியில் ஒளிந்திருந்த மிளகு மணம் அப்போது குவளையிலிருந்தே எழுந்து வந்தது போலத் தெளிவாகத் தெரிந்தது. துவர்ப்பு கறியோடு கலந்து கரைந்தது. நாவல்பழம் முன்னைவிட இனிமையாகத் தெரிந்தது. கறியின் உப்பும் இதில் பெரும் பங்கு வகிக்கிறது என்பதை, உப்புக் குறைவாக எடுத்து வைத்த ஒரு துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். உப்பு சரியாக இருந்த துண்டோடு ஒயினின் கசப்பு அடங்கியது, உப்புக் குறைந்த துண்டோடு அது எட்டிப் பார்த்தது.

இந்தப் பொருத்தம் தற்செயலானது அன்று. ஷிராஸில் தெரியும் மிளகு மணத்துக்குக் காரணமான பொருளை ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் 2008-இல் அடையாளம் கண்டார்கள். ரோட்டண்டோன் என்பது அதன் பெயர். நம் கருமிளகின் மணத்திலும் அதே பொருள்தான் இருக்கிறது. ஒயினில் இருப்பதைப் போலப் பல்லாயிரம் மடங்கு அதிகமாக இருக்கிறது. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் ஒரு கிராமில் நூறு கோடியில் 16 பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். அதே ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், அந்தப் பொருளை மிகுதியாகச் சேர்த்துக் கொடுத்தபோதும் அதை உணரவே இல்லை. ஆகவே இந்த ஒயினில் எனக்கு மிளகு தெரிகிறது என்றும் என் தம்பிக்குத் தெரியவில்லை என்றும் வீட்டில் எழுந்த வாக்குவாதத்தில் இருவருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கக்கூடும். குளிர்ந்த பகுதிகளில் விளையும் ஷிராஸில் இந்தப் பொருள் மிகுதியாகவும் வெயில் மிகுந்த பகுதிகளில் விளைவதில் குறைவாகவும் இருக்கும். நாசிக்கின் வெயிலில் பழுத்த இந்த ஒயினில் மிளகு மெலிந்து தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மெலிந்து நிற்கும் அதைத் தட்டில் இருக்கும் மிளகு கைகொடுத்து எழுப்புகிறது. இடுக்கி மலையின் ஒரு கொடியும் ரோன் கரையில் பிறந்து நாசிக்கில் வளரும் வேறொரு கொடியும் ஒரே மணப்பொருளைத் தமக்குள் உண்டாக்கிக்கொள்கின்றன என்பதை அறிந்த நாள் முதல், கடையில் மிளகைக் கசக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகிறது.

இரண்டாம் மாலை சேச்சி செய்து அனுப்பிய பீஃப் உலர்த்தியது. தேங்காய்க் கொத்தும் கறிவேப்பிலையும் மிளகும் பெருஞ்சீரகமும் சேர்த்துத் தேங்காயெண்ணெயில் கருகருவென்று உலர்த்திய கறி அது. இதற்கு இணையான துணையை இந்த ஒயினுக்கு நான் இதுவரை காணவில்லை. ஆட்டுக்கறி வறுவலை விட இதில் கொழுப்பு அதிகம். தேங்காய்க் கொத்தை மெல்லும்போது வரும் எண்ணெய்ப் பசையைத் துவர்ப்பு ஒவ்வொரு மிடறிலும் துடைத்துவிடுவதால் அடுத்த கவளம் முதல் கவளத்தைப் போலவே சுவைத்தது. வறுவலின் விளிம்புகளில் ஏறிய கருக்கலும் ஒயினின் கறுத்த பழ மணத்தோடு இயல்பாகச் சேர்ந்தது. கூடவே இருந்த பரோட்டா நடுநிலையான உணவு. மாவும் எண்ணெயும் உப்பும் மட்டுமே உள்ள அது ஒயினுக்கு எந்த இடைஞ்சலும் செய்யவில்லை. ஆனால் பரோட்டாவோடு சால்னாவை ஊற்றியதும் கதை மாறியது.

சால்னாவின் வேலை மிளகாயின் வேலை. மிளகாயில் உள்ள காரப்பொருள், நாவின் நரம்புகளில் எரிச்சலை உணரும் வாங்கி ஒன்றைத் தூண்டுகிறது; அதையே சாராயமும் தூண்டுகிறது. இரண்டும் சேரும்போது எரிச்சல் கூடுகிறது, துவர்ப்பு முள்ளாகத் தெரிகிறது, பழச்சுவை காணாமல் போகிறது. இத்தகைய சிவப்பு ஒயின்களில் சாராயம் 13 விழுக்காட்டை ஒட்டியோ அதற்குச் சற்று மேலாகவோ இருக்கும் என்பதால் இதைத் தவிர்க்க வழியில்லை. மிளகின் காரமும் அதே வாங்கியைத் தொடுகிறது என்றாலும் மிளகாயைப் போலக் கொளுத்துவதில்லை. ஆகவேதான் மிளகு வறுவலோடு கிடைத்த சுகம் சால்னாவோடு கிடைக்கவில்லை. மிளகாய் நம் நாட்டுக்குப் போர்ச்சுகீசியர் வழியாக வந்து சேர்வதற்கு முன்பு நம் சமையலின் காரத்தில் பெரும்பகுதியை மிளகே தாங்கியது. அந்தப் பழைய காரத்துக்குத் திரும்பினால் இந்த ஒயினும் நம் சாப்பாடும் எளிதில் நட்பாகிவிடுகின்றன.

மரச்சீனிக் கிழங்கை வேகவைத்துக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி என்னும் துவையலோடு சாப்பிட்டபோதும் இதே தடுமாற்றம்தான். சம்மந்தியை ஒதுக்கிவிட்டு, கிழங்கின் மேல் தேங்காயெண்ணெயும் உப்பும் சேர்த்துப் பீஃப் உலர்த்தியதோடு எடுத்துக்கொண்டபோது கிழங்கின் மாவுத்தன்மை ஒயினுக்கு நல்ல மெத்தையாக அமைந்தது.

மீன்குழம்பை வைத்துப் பார்க்க வேண்டாம் என்று மனைவி சொல்லியும் நான் கேட்கவில்லை. குடம்புளி போட்ட மத்திக் குழம்புக்குப் பின் ஒரு மிடறு பருகியதும் வாயில் இரும்பை நக்கியது போன்ற சுவையும் கவிச்சியும் எழுந்து, இரண்டு நல்ல பொருள்களும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டன. சிவப்பு ஒயினில் கரைந்துள்ள இரும்புச் சத்துக்கும் மீனின் கொழுப்புக்கும் இடையே நடக்கும் வேதிவினையே இந்தக் கவிச்சிக்குக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் எழுதியிருக்கிறார்கள். மத்தி போன்ற கொழுப்பு மிகுந்த மீனோடு இந்த ஒயினை யாரும் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மீன் சாப்பிடும் நாளில் நன்கு குளிர்ந்த வெள்ளை ஒயினை எடுத்துக்கொள்வதே இரண்டுக்கும் மரியாதை.

புளிக்குழம்பும் வத்தக்குழம்பும் வேறு வகையில் ஒத்துவரவில்லை. உணவின் புளிப்பு ஒயினின் புளிப்பைவிடக் கூடிவிட்டால் ஒயின் தட்டையாக, உயிரற்றதாகத் தெரியும். அன்றைய வத்தக்குழம்புச் சோற்றுக்குப் பின் பருகிய மிடறு தண்ணீர் கலந்த திராட்சைச் சாற்றைப் போலிருந்தது. அதோடு முடித்துக்கொண்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டோம்.

சைவ உணவு உண்பவர்களுக்கும் இந்த ஒயினில் இடம் உண்டா என்று என் தங்கை கேட்டாள்; அவள் திருமணமான நாளிலிருந்து கறி உண்பதில்லை. அவளுக்காக நான்காம் மாலை முழுவதையும் சைவமாக வைத்தோம். காளானைத் துளியும் நீர் இல்லாமல் சுண்டும் வரை வதக்கி, வெண்ணெயும் மிளகும் சேர்த்து இறக்கியது முதல் இடத்தைப் பெற்றது. காளானிலும் கறியின் சாற்றைப் போன்ற ஓர் ஆழ்ந்த சுவை இருக்கிறது. ஆனால் அந்தச் சுவை ஒயினின் கசப்பைக் கூட்டிக்காட்டும் இயல்புடையது என்பதால் உப்பைச் சற்றுக் கூட்டியே போட வேண்டும். தணலில் சுட்டுத் தோலுரித்த கத்தரிக்காயை நல்லெண்ணெயும் சின்ன வெங்காயமும் சேர்த்துப் பிசைந்தது அடுத்த இடம். புகை மணம் ஒயினோடு மிக நன்றாக ஒட்டிக்கொண்டது. இதற்குப் புளி சேர்க்கக் கூடாது. சேனைக்கிழங்கு மிளகு வறுவலும் ஏற்றதே. சாம்பாரையும் ரசத்தையும் தங்கை தானாகவே ஒதுக்கிவிட்டாள்.

“அண்ணா, கறி சாப்பிடுறவங்களுக்கு மட்டும்தான் இதுன்னு நெனச்சேன். இந்தக் கத்தரிக்காய்க்கு நல்லாத்தான் இருக்கு” என்று அவள் சொன்னபோது எனக்கு உண்டான நிறைவை மறைக்க விரும்பவில்லை.

இனிப்புகளோடு வைக்க வேண்டாம். ஏத்தம்பழ (நேந்திரம்பழ) பாயசத்துக்குப் பின் ஒயின் புளித்துக் கசந்தது. உணவு ஒயினைவிட இனிப்பாக இருந்தால் இனிப்பில்லாத எந்த ஒயினுக்கும் இதுதான் நேரும். சேச்சியின் பிளம் கேக்குக்குச் சேச்சியின் பரணி ஒயினே இருக்கட்டும்.

குவளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் தண்டு வைத்த ஒயின் குவளைகள் இரண்டே இருக்கின்றன. மற்றவர்களுக்குச் சாயா குடிக்கும் கண்ணாடிக் குவளையில் ஊற்றினேன். விளிம்பு விரிந்த சாயாக் குவளையில் மணம் மேலே நில்லாமல் சிதறிவிடுகிறது. வாய் குவிந்த எந்தக் கண்ணாடிக் கிண்ணமும் அதைவிட மேல். எதில் ஊற்றினாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், மேலே வெற்றிடம் விட்டுச் சுழற்றினால் மட்டுமே மிளகு மணம் மூக்குக்கு எட்டும். எவர்சில்வர் தம்ளரில் ஊற்றிய தம்பிக்கு மிளகு தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். மறுநாள் கண்ணாடியில் ஊற்றிக் கொடுத்தபோதும் அவன் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

திறந்த பாட்டிலைத் திருகு மூடியால் இறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் நிறுத்தி வைத்தால் இரண்டு நாள் வரை நன்றாகவே இருக்கிறது. மூன்றாம் நாளில் பழ மணம் தளர்ந்து, மோரைப் போல ஒரு புளிப்பு எழத் தொடங்கியது. இரண்டாவது பாட்டிலில் அப்படி மிஞ்சிய அரைக் குவளையை மனைவி ஆட்டுக்கறி வறுவலின் சட்டியில், வெங்காயம் சிவந்த தருணத்தில் ஊற்றி வற்றவிட்டாள். அடியில் ஒட்டியிருந்த மசாலா எல்லாம் கரைந்து கறியில் ஏறியது. மிளகை அன்று வழக்கத்தைவிட அரைக் கரண்டி கூட்டித் தூவினோம்.

பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போகும்போது மூன்றாவது பாட்டிலை வாங்கிக்கொண்டு இறங்குவதாக இருக்கிறோம். இந்த முறை அங்கே போய்ச் சேர்ந்ததும் அதைக் குளிரில் வைத்துவிட்டு, அவர் பந்தலில் அன்று பறித்த பன்னீர்த் திராட்சைக் குலை ஒன்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறி அவரையே முகரச் சொல்ல வேண்டும்.